ஏழாவது பத்திக்கு என் கையெழுத்து இல்லை

அன்புள்ள அமல்,

உன் பெயருக்கு முன்னால் அன்புள்ள என்று போடலாமா என்று சற்று யோசித்தேன். அது எந்நாளும் மாறாதது என்பதால் போட்டுவிட்டேன். மற்றபடி இந்தக் கடிதத்தைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன், ஆறவில்லை. இதன் நகல் ஒன்றை, சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அவர்கள் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. உயர்நீதிமன்ற வக்கீல் என்ற முறையில் நீ தண்டனையைப் பற்றியும் இறையாண்மையைப் பற்றியும் எழுதியிருந்தால் நான் பெருமையோடு கத்தரித்து வைத்திருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில் 'விருத்தாசலத்தில் தனியே வாழும் என் விதவைத் தாய் இன்று அச்சத்தில் உறங்குகிறார்' என்று எழுதினாயே, அதற்குப் பிறகு இது வீட்டுக்குள் பேசி முடிக்கும் விஷயமாக இல்லை. ஊரார் முன்னால் என்னை நிறுத்தியது நீ. ஊரார் முன்னாலேயே பதில் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை கூரியரில் உன் உறை வந்தது. உள்ளே நீ போட்டிருக்கும் ரிட் மனுவின் நகல், அதற்கு ஆதரவாக நான் கொடுக்க வேண்டிய பிரமாணப் பத்திரம், கையெழுத்து இட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறிகள். வங்கியில் முதியோருக்கு அப்படித்தான் குறி போட்டுக் கொடுக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கு, அல்லது படிக்க மாட்டார் என்று நாம் நினைப்பவருக்கு. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் பதினோரு வருஷம் படித்தவள். உன் அப்பா போன பிறகு பீங்கான் தொழிற்பேட்டையில் அவருடைய ஷெட்டைத் தனியாக நடத்தி, மின்சார ஃபியூஸ் கட்டைக்கான பீங்கான் செய்து விற்று, அந்த வருமானத்தில் உன்னைச் சட்டம் படிக்க வைத்தவள். என் முன்னால் வரும் எந்தக் காகிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு மீண்டும் படித்தேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். எங்கள் பேட்டையில் சிறிய ஷெட்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் முறை வைத்துச் சுடுவோம். சுடாத பச்சைப் பண்டங்களை ட்ராலியில் அடுக்கி, முறைப்படி உள்ளே தள்ளுவார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், வேறொரு ஷெட்டின் முறையில் அடுக்கியிருந்த பண்டங்களை உன் அப்பா இறக்கி வைத்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றினார். அவசர ஆர்டர். இறக்கியதில் பாதி நொறுங்கியது. அந்த ஷெட்டின் சூளையாள் கலியமூர்த்தி. வாய்ச்சண்டை முற்றியதில் ட்ராலி இழுக்கும் இரும்புக் கம்பியால் அவன் ஒரு முறை அடித்தான். ஒரே அடி. அப்பா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நீ ஸ்கூல் சீருடையோடு வந்து பார்த்தாய். பன்னிரண்டு வயது. அன்றைக்கு நீ அழவில்லை, அதற்குப் பிறகும் என் முன்னால் அழுததில்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தில் நான் உன்னைத் திட்டும் ஒவ்வொரு வரியையும் அந்தப் பையன் முகத்தை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

கடலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு நாம் இருவரும் பஸ்ஸில் போவோம். முதல் நாள், வராந்தாவில் ஒட்டியிருந்த பட்டியலை எட்டிப் பார்த்து நீ கேட்டாய்: "ஏம்மா, 'அரசு எதிர் கலியமூர்த்தி'ன்னு போட்டிருக்குது. அப்பா பேரே இல்லியே?" நான் சொன்னேன்: "அரசாங்கமே நமக்காக நிக்குதுடா. அப்பாவ அடிச்சது அரசாங்கத்த அடிச்ச மாதிரி. அதான் சட்டம்." அன்றைக்கு நான் அதை நம்பித்தான் சொன்னேன். ஆனால் வழக்கு நடந்த ஒன்றரை வருஷமும் நாம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருந்தோம். நம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை என்று நீதிபதி படித்ததையும் பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். என் கணவனின் சாவை அரசு தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. சரி, எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டதை ஒழுங்காக வைத்துக்கொண்டதா என்பதுதான் என் கேள்வி.

இந்த வருஷம் ஒரு தலைவரின் பிறந்தநாளை முன்னிட்டு ஆயுள் கைதிகளை விடுவிக்கும் ஆணை வந்தது. ஒரே ஆணை, பின்னால் ஒரு நீண்ட பட்டியல். பட்டியலில் கலியமூர்த்தியும் ஒருவன். எனக்கு ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. பேட்டை டீக்கடையில் பத்திரிகை படித்த என் ஷெட் மேஸ்திரி வந்து சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கணவனைக் கொன்றதற்கான தண்டனை எப்போது முடியும் என்பது, அவருக்கும் எனக்கும் அந்தக் கொலைகாரனுக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர் பிறந்த தேதியைப் பொறுத்ததா? பதினெட்டு வருஷம் உள்ளே இருந்தவனுக்கும் அது அவமானம்தான். அவன் ஒழுங்காக இருந்தான், திருந்தினான், வயதாகிவிட்டது என்று ஒரு காரணம் சொல்லி விட்டிருந்தால் அவன் தலை நிமிர்ந்து வந்திருப்பான். பொங்கலுக்கு வேட்டி கொடுப்பது போலக் கொடுத்தார்கள். இதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. என் பெயரில் நீ எழுதிய பிரமாணப் பத்திரத்தின் முதல் ஆறு பத்திகளில் ஒரு சொல்லைக்கூட நான் சிவப்பில் தொடவில்லை.

ஏழாவது பத்தி: 'மேற்படி கைதியின் விடுதலைக்குப் பின் என் உயிருக்கு ஆபத்து நேருமோ என்று இரவும் பகலும் அஞ்சி வாழ்கிறேன்.' யார், நானா? அவன் இப்போது எங்கள் ஷெட்டிலிருந்து மூன்றாவது ஷெட்டில் மூட்டை இறக்குகிறான். நான் தினமும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி அந்த வழியாகத்தான் நடக்கிறேன். என்னைப் பார்த்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, நான் கடந்து போகும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்கள் இருவரில் ஒருவர் அஞ்சுகிறார் என்றால் அது நான் இல்லை. உனக்குப் போன் செய்து இதைத்தான் சொன்னேன். நீ என்ன சொன்னாய்?

"அம்மா, அது வழக்கமா போடற வாசகம். எல்லா அஃபிடவிட்லயும் அப்படித்தான் இருக்கும். ஃபார்மெட்டும்மா."

"எல்லாரும் பொய் சொன்னா நானும் சொல்லணுமா? கீழ சத்தியமா உண்மைன்னு போட்டிருக்கியேடா."

"ஜட்ஜு அதயெல்லாம் அவ்ளோ பாக்க மாட்டாரும்மா."

"நான் பாக்கறேன்ல."

நீ சிரித்தாய். கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பைக்கூட நான் விட்டுவிட்டிருப்பேன். அதற்குப் பிறகுதான் இணைப்புகளைப் படித்தேன். நான்காவது இணைப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீ கேட்டு வாங்கிய பழைய அறிக்கை. நான்கு வருஷத்துக்கு முன், பதினான்கு வருஷம் முடிந்ததும் அவனை முன்விடுதலை செய்யலாமா என்று ஆராய்ந்தபோது, நன்னடத்தை அலுவலர் எழுதியது. அதில் ஒரு வரியை நீ மஞ்சள் மையால் கோடிட்டிருந்தாய்: 'இறந்தவரின் மனைவி விடுதலையைக் கடுமையாக எதிர்க்கிறார்.' அந்த ஒரு வரியால் அவன் மனு அன்றைக்குத் தள்ளுபடி ஆனது. உன் வாதத்துக்கு அதுதான் தூண். அமல், அந்த வரியை நான் சொல்லவே இல்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். சொல்வது எனக்குச் சுலபமில்லை. அந்த அலுவலர் வந்த அன்றைக்குக் காலை பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், குடங்களோடு பத்துப் பெண்கள் நின்றார்கள். ஒரு பெண் கையில் ஃபைலோடு ஸ்கூட்டியிலிருந்து இறங்காமலே எதிர்ப்பக்கத்திலிருந்து கூவினாள்: "ஏங்க, கொலை கேஸுல செத்தவரு வூடு இதுதாங்களே?" குழாயடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இது நான் இருக்கற வூடு," என்றேன்.

"அதாம்மா. ஆயுள் கைதி கலியமூர்த்தி விசாரணை. உங்களுக்கு எதிர்ப்பு இருக்குதா இல்லியா? இருக்குது, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. நான் கம்மாபுரம் வேற போவணும்."

"மொதல்ல வண்டிய விட்டு எறங்கு. அப்புறமா பேசு."

அவள் இறங்கினாள். ஆனால் அதற்குள் நான் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். "அம்மா, அம்மா, ஒரு கையெழுத்துங்க" என்று அவள் தட்டியது உள்ளே கேட்டது. நான் போய் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மரியாதை தெரியாதவளுக்குப் பாடம் கற்பித்துவிட்டேன் என்று அன்று முழுக்க ஒரு திருப்தி. அவள் என்ன செய்வாள்? சாத்திய கதவை எதிர்ப்பு என்று எழுதிக்கொண்டு கம்மாபுரம் போய்விட்டாள். 'கடுமையாக' என்பது தாழ்ப்பாள் சத்தத்துக்காக இருக்கும்.

அவள் அப்படிக் கேட்டது தப்பு. ஒரு மாநில அரசு, குடும்பத்தின் கருத்தை அறிய வேண்டும் என்று தானே விதி செய்துவிட்டு, அதைத் தெருவில் நின்று கூவிக் கேட்பது வெட்கக்கேடு. ஆனால் அவள் கேட்டாள். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக அரசு என் வாசலுக்கு வந்து, உன் கருத்து என்ன என்று கேட்டது. கேட்ட விதம் பிடிக்கவில்லை என்பதற்காக நான் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினேன். என் மானத்துக்காக ஒரு மனிதன் நான்கு வருஷம் கூடுதலாக உள்ளே இருந்தான். அந்த நான்கு வருஷத்தை எந்தக் கோர்ட்டும் அவனுக்கு விதிக்கவில்லை. ஆளுநரோ அமைச்சரவையோ விதிக்கவில்லை. நான் விதித்தேன், அரிசி களைந்துகொண்டே.

இதை நினைத்துத் தூங்காமல் கிடந்த வாரத்தில்தான் அஞ்சலை வந்தாள். கலியமூர்த்தியின் மனைவி. பேட்டையில் ஒரு ஷெட்டில் பண்டங்களுக்குப் பிசிறு எடுக்கும் வேலை செய்கிறாள், பல வருஷமாக. தினமும் எதிரெதிரே வந்தும் ஒரு சொல் பேசாதவர்கள் நாங்கள். உன் கட்டுரையை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றாள், நானும் நின்றுகொண்டே பேசினேன்.

"உங்க புள்ள திரும்ப உள்ள போடச் சொல்லி கேஸ் போட்டுக்கறாராமே. நெசமாங்கம்மா?"

"நெசந்தான்."

"நாலு வருசம் முன்னாடியே வந்திருக்க வேண்டிய ஆளு. அந்தம்மா ஒத்துக்கலன்னு ஜெயில்ல சொல்லிட்டாங்க. எம்மவ கல்யாணத்த அப்பன் கூட இருந்து நடத்தல. ரெண்டு போலீஸோட வந்து தாலி கட்டறப்ப நின்னுட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து உங்கள திட்டாத நாளு இல்ல நானு."

"என்னான்னு திட்டுவ?"

"அத எதுக்குக் கேக்கறீங்க இப்ப."

"கேக்கறேன்ல. சொல்லு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "கழுத்துல சிலுவ, வாயில ரத்தம்னு."

"ம். வேற?"

"வேற என்னா, அதுக்கே எங்க ஷெட்டுல எல்லாம் சிரிப்பாங்க." அவளுக்கே சிரிப்பு வந்து, உடனே கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. ஒங்க புள்ளகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அது வராது அஞ்சல. பொய் சொல்லச் சொல்லாத. அந்த ஆளு வெளிய இருக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காத."

"அது போதுங்க," என்றாள். போகும்போது, "ஒங்க வூட்டுக்காரரு பண்டத்த எறக்குனாருல்ல, அத்த கோர்ட்டுல சொன்னப்பகூட ஜட்ஜு கேக்கலம்மா" என்றாள். அவர் இறக்கியது உண்மை. அதற்காக உயிரை எடுக்கலாம் என்று ஆகாது என்பதும் உண்மை. தீர்ப்போடு எனக்கு அன்றும் சண்டையில்லை, இன்றும் இல்லை.

இனி உன் சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் நீ எழுதியதை மூன்று முறை படித்திருக்கிறேன். தண்டனை என்பது இறையாண்மையின் செயல், இறையாண்மை தேசத்துடையது, ஆகவே நீதிமன்றம் கொடுத்த தண்டனையை ஒரு மாநில அமைச்சரவை தன் விருப்பம் போலக் கலைக்க முடியாது என்கிறாய். அரசியலமைப்பின் நூற்று அறுபத்தொன்றாம் பிரிவு ஆளுநருக்குக் கொடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் மிகக் குறுக்கிப் படிக்க வேண்டும் என்கிறாய். ஏன்? வழக்குப் போட்டது மாநிலம். பிடித்தது மாநிலப் போலீஸ். பதினெட்டு வருஷம் பூட்டி வைத்தது மாநிலச் சிறை. பூட்டும்போது இருந்த அதிகாரம் திறக்கும்போது மட்டும் எங்கே போயிற்று? டில்லியில் இருக்கும் ஒருவருக்கு எங்கள் பேட்டைச் சூளை தெரியுமா, ஒரே அடிக்கும் பத்து அடிக்கும் உள்ள வித்தியாசம் தெரியுமா? அதிகாரம் பக்கத்தில் இருப்பவனிடம் இருப்பதுதான் நல்லது, அவனைச் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். நீ அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி, உனக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதல்ல. காரணம் சொன்னாயா, ஒவ்வொருவனையும் தனித்தனியாக யோசித்தாயா, செத்தவன் வீட்டில் மரியாதையோடு கேட்டாயா என்பதுதான். அந்த வழக்கைப் போடு. பட்டியல் போட்டு விடுதலை செய்யாதே, பிறந்தநாளுக்கு விடாதே என்று வாதாடு. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் நீ கேட்பது அது இல்லை. ஆணையை ரத்து செய், இந்த ஒருவனைத் திரும்ப உள்ளே போடு என்று கேட்கிறாய். அரசு செய்த முறைகேட்டுக்கு அவன் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

உனக்கு ஏன் அவன் உள்ளே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை இறையாண்மை என்று பெயர் மாற்றி எழுதாதே. 'என் அப்பாவைக் கொன்றவன் வெளியே நடமாடுவதை என்னால் தாங்க முடியவில்லை' என்று ஏழாவது பத்தியில் உன் பெயரில் எழுது. அது உண்மையாக இருக்கும். அதைப் படித்தால் நான் அழுவேன், அந்த நீதிபதியும் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைப்பார். அதற்குப் பிறகும் அவர் உன் மனுவைத் தள்ளலாம். தள்ளுவார் என்றே நினைக்கிறேன். ஆனால் உன் வலிக்கு என் பயத்தைக் கடன் வாங்காதே. என்னிடம் அது இல்லை.

நேற்று விருத்தாசலம் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நோட்டரியிடம் போய் என் பிரமாணப் பத்திரத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, பெத்த புள்ளைக்கு எதிராவா போடறீங்க?" என்றார். "எதிரா இல்லீங்க. எம்பேர்ல எழுதுனத சரி பண்றேன்," என்றேன். "யோசிச்சிட்டுப் போடலாமே, அவசரம் என்ன?" "நாலு வருஷம் லேட்டுங்க. முத்திரையப் போடுங்க." போட்டார்.

அதில் மூன்றே விஷயங்கள். நான் அச்சத்தில் வாழவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் நான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை, கதவைச் சாத்தினேன், அது என் தவறு. கலியமூர்த்தியின் விடுதலையை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அவனை விடுவித்த முறையை எதிர்க்கிறேன், அரசு அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். மன்னிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் பங்குச் சாமியாரும் மன்னித்துவிட்டாயா என்றுதான் கேட்டார். அது என் ஜெபத்தில் எனக்கே இன்னும் முடியாத விஷயம், கோர்ட்டுக்கு அதில் வேலையில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடலூரில் ஒரு வக்கீல் பெண் இதை உயர்நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரத்துக்குள் நகல் உன் சேம்பருக்கு வரும். உன் குமாஸ்தாவை வாங்கச் சொல்லாதே. கொண்டுவருபவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். பிறகு முழுதும் படி. படித்ததும் என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், சில நாள் பேசாமல் இரு. ஆனால் வழக்கு விசாரணைக்கு வரும் அன்று நான் சென்னைக்கு வருகிறேன். எதிர்த்தரப்பு பெஞ்சில் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ எழுந்து பேசும்போது என்னைப் பார்த்தே பேசு.

உன் அம்மா